பால் குடித்த சட்டை

எங்கள் வீட்டுக் கொடியில் அம்மாவின் சட்டை மட்டும் ஓரமாகத் தனியே தொங்கும். மற்றத் துணிகளோடு சேர்த்துப் போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு அந்த இடம். அப்பா போட்டுப் பழசாக்கிய முழுக்கைச் சட்டைதான். அதை மாட்டிக்கொண்டுதான் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். முன்பக்கத்திலும் வலது கை மடிப்பிலும் பால் பட்டுப் பட்டுக் காய்ந்து, இது துணியா தோலா என்று கேட்கும்படி ஆகியிருக்கும். காற்றடித்தால் மற்றவை படபடக்கும். அது மட்டும் கதவு திரும்புவதுபோல் மொத்தமாகத் திரும்பும். நேற்றைய கறை வெள்ளை. போன வாரத்துக் கறை தேன் நிறம். போன வருஷத்துக் கறை கறுப்பு. சின்ன வயதில் அந்தக் கறைகளை நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்ப்பேன். வராது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நீளும். விட்டால் சடக்கென்று போய்த் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊரான சுங்கை சிப்புட் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். அன்று இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. இந்த மண்ணில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தனின் பெயரும் வரும். லிந்தாங் சாலையோரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு முதலில் வருவது கொடியில் தொங்கிய அந்தச் சட்டைதான். ஆனாலும் அதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது அறுபது வயதுக்கு மேல், வேறொரு நாட்டில்.

2025 தொடக்கத்தில் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன். தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கிடங்குக் கட்டடம் ஒன்றில் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் இயங்குகிறது. அங்கே சபா மாநிலக் கலைஞர் யீ ஐ-லானின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. 'மன்சாவ் அன்சாவ்' என்று பெயர். நடந்துகொண்டே இருப்பது என்று சபாவின் டூசுன், கடசான் மொழிகளில் பொருளாம். 1971இல் கோத்தா கினபாலுவில் பிறந்தவர் யீ ஐ-லான். முதலில் புகைப்படக் கலையில் பேர் வாங்கினார். 2018 முதல் செம்பூர்ணாவை அடுத்த ஓமாடால் தீவின் பஜாவ் சாமா டிலாவுட் பெண்களோடும், கெனிங்காவ் பக்கத்து டூசுன், மூருட் நெசவாளர்களோடும் சேர்ந்து பாய் பின்னிவருகிறார். தீவுப் பெண்களுக்குத் தாழை ஓலை, உள்நாட்டுக்காரர்களுக்கு மூங்கில்.

அவருடைய படைப்புகளில் என்னை நிறுத்திவைத்தது 'பாய்/மேசை' என்ற வரிசை. ஒவ்வொரு பாயிலும் ஒரு மேசையின் படம் பின்னப்பட்டிருக்கிறது. மேசை அதிகாரத்தின் பொருள், பாய் எல்லாரும் சமமாக உட்காரும் இடம் என்பது அவர் எண்ணம். மலாய்க்காரர்கள் மேஜா என்பதும் நாம் மேசை என்பதும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவைதான். எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் தோட்டத்தில் மேசை இருந்தது கணக்கெழுதும் கிராணி ஐயாவிடம். சம்பளத்தன்று அதன் முன்னால்தான் வரிசையாக நிற்பார்கள். லயத்தில் யார் வீட்டிலும் மேசை கிடையாது. பாய் எல்லார் வீட்டிலும் உண்டு.

கிட்டப் போய்ப் பார்த்தேன். தறி இல்லை. பாவும் ஊடையும் நேர்குத்தாக ஓடாமல், ஓலைகள் மூலைவாட்டாகப் போய் ஒன்றையொன்று தாண்டுகின்றன. தாழை ஓலையின் முள்ளை வாரி, கீற்றாகக் கிழித்து, வேகவைத்துக் காயப்போடும்போது பச்சையும் மெழுகும் போய், இலையின் நீளவாட்டில் ஓடும் நார்க்கட்டுகள் மிஞ்சுகின்றன. இலையைக் காற்றில் நிமிர்த்திப் பிடித்த அதே நார்தான் பாயில் நம் பாரத்தைத் தாங்குகிறது. என் கை தானாக நீண்டது.

"அம்மா, தொடக்கூடாதும்மா!" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நார்க்கலையின் கஷ்டமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓவியத்தைக் கண்ணால் பார்த்தால் போதும். துணியைக் கண்ணால் மட்டும் பார்த்தவர் யார்? பிறந்த நிமிஷத்திலிருந்து நம் தோலோடு இருக்கும் பொருள் அது.

வெளியே கடையில் தடித்த கலைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் வந்தது. எட்டு நீளத் துணிகள், ஒன்றன் பின் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்குகின்றன. சில வெளிர் மஞ்சள், சில தேன் நிறம். விளிம்புகள் நேராக இல்லை. பார்த்த மாத்திரத்தில் எங்கள் வீட்டுக் கொடி என்றுதான் நினைத்தேன். கீழே, சல்லாத்துணியில் ரப்பர் பால், கண்ணாடியிழை என்று போட்டிருந்தது. ஈவா ஹெஸ்ஸ, 'கன்டின்ஜென்ட்', 1969. இப்போது ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவில், தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

ஹெஸ்ஸ 1936இல் ஹாம்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து காப்பாற்ற, இரண்டு வயதுக் குழந்தையை அக்காளோடு ரயிலேற்றி ஹாலந்துக்கு அனுப்பினார்கள். பிறகு பெற்றோருடன் சேர்ந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மூளைக்கட்டியால் 1970இல் இறந்தபோது வயது முப்பத்து நான்கு. கடைசி மூன்று வருஷங்களில் அவர் கையில் எடுத்த பொருள்களில் ஒன்று ரப்பர் பால். சல்லாத்துணியில் பூசுவார், காயவிடுவார், மறுபடி பூசுவார்.

ரப்பர் பால் ஊறிய பருத்தித் துணி. அம்மாவின் சட்டையும் அதுதானே?

ஆசிரியையாக முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தச் சட்டையில் ஏன் கறை போகவில்லை என்று ஒரு மாணவன்கூட என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான்.

மரத்திலிருந்து இறங்கும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். நூற்றில் முப்பதிலிருந்து நாற்பது பங்கு ரப்பர். அந்த ரப்பர் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளில் பெரியவையே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோலில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே மிதக்கும். தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றினால் அந்த மின்னேற்றம் அற்றுப்போகும், உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், பால் தயிராக உறையும். ஆசிட் ஊற்றாவிட்டாலும் சும்மா வைத்தால் ஒரு நாளில் தானே உறையும். மரத்தில் பால் பிடிக்கும் மங்கின் அடியில் ஒட்டிக் கிடக்கும் கட்டிப்பால் அப்படி வந்ததுதான்.

இப்போது பருத்தி நூலைப் பாருங்கள். ஒரு நூல் என்பது பல பருத்தியிழைகளின் முறுக்கு. ஓர் இழையின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. ரப்பர் உருண்டையோ அதைவிடப் பல மடங்கு சின்னது. வாளி தளும்பிச் சட்டையில் பால் பட்டதும் தண்ணீரை நூல் உறிஞ்சும். அதோடு உருண்டைகளும் இழைகளின் சந்துகளுக்குள் போய்விடும். தண்ணீர் காய்ந்து வெளியேற, உருண்டைகள் நெருங்கி, தோல் உடைந்து, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகிவிடும். ஒவ்வோர் இழையையும் சுற்றி வளைத்து, உள்ளேயே பூட்டிக்கொண்ட படலம். சுரண்டினால் வராததற்கு அதுதான் காரணம். நான் மேல் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பால் நூலுக்குள் இருந்தது.

சோப்புக்கும் அது மசியாது. ரப்பர் வெறும் கரியும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி, எண்ணெய்க்கு இனம், தண்ணீருக்கு அந்நியம். பலாப்பழம் அரியும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே கணக்குத்தான். பலாவின் பால் தண்ணீரைச் சட்டை செய்யாது, எண்ணெய்க்கு இளகும். அம்மாவும் வேலை முடிந்து வந்ததும் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் பாலை உருட்டி எடுப்பார். கைக்கு எண்ணெய் போதும். சட்டையை எண்ணெயில் முக்கவா முடியும்?

கறை கறுத்துப்போவதற்கு வேறு காரணம். பாலில் ஃபீனால் வகைப் பொருள்களும், காற்றுப்பட்டதும் அவற்றைப் பழுப்பாக்கும் ஒரு நொதியும் இருக்கின்றன. அரிந்துவைத்த கத்திரிக்காய் கறுப்பதும் இதே வகையில்தான். இதற்குப் பிறகு மெதுவாக நடப்பது மூப்பு. ரப்பர்ச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஐந்து கரி அணுக்கள். அவற்றில் இரண்டை இணைக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு. அதுவே பலவீனமான இடம். ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அங்கேதான் கைவைக்கும். சங்கிலி அறுந்தால் ரப்பர் பிசுபிசுக்கும். அறுந்த முனைகள் கண்டபடி கோத்துக்கொண்டால் விறைத்து நொறுங்கும்.

ஹெஸ்ஸவின் படைப்புகளுக்கும் இந்தக் கதிதான். தான் எடுத்த பொருள் நிலைக்காது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஒளி ஊடுருவும் வெளிர் நிறத்தில் அவர் செய்தவை ஐம்பது வருஷத்தில் பழுப்பேறி, மடிந்த இடங்களில் வெடித்துவிட்டன. 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்' என்ற அவருடைய படைப்பு, ஆள் உயரத்துக்கும் மேலே எழும் ரப்பர்த் திரை, நியூயார்க்கின் குகன்ஹைம் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதை வெளியே எடுக்கவே பயந்து வைத்திருந்தார்கள். பாதுகாப்பு வல்லுநர்கள் நீண்ட காலம் உழைத்து, 2022இல், முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மக்கள் முன் வைத்தார்கள். ரப்பர் பால் பட்ட துணியை எப்படிக் காப்பது என்று உலகத்தின் பெரிய அரும்பொருளகங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. எங்கள் தோட்டத்தில் அப்படிப்பட்ட சட்டை நூறு இருந்திருக்கும். சட்டை கிழிந்ததும் அடுப்பில் போட்டோம். ரப்பர் நன்றாக எரியும்.

துணியும் ரப்பரும் சேர்ந்த கதை ஹெஸ்ஸவுக்கு ரொம்ப முன்பே தொடங்கியது. தென்னமெரிக்க மழைக்காட்டு மக்கள் துணியில் பாலைப் பூசி நீர்புகாமல் செய்துவந்தார்கள். 1823இல் சார்ல்ஸ் மேக்கிண்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை வைத்து மழைச்சட்டை செய்து காப்புரிமை வாங்கினார். அது வெயிலில் ஒட்டியது, குளிரில் விறைத்தது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடுபண்ணிச் சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்ட பிறகுதான் ரப்பர் ஒரு நிலைக்கு வந்தது. 1930களில் பாலையே நேராக நூலாக்கும் வழி பிறந்தது. பாலை நுண்குழாய்கள் வழியாக அசிட்டிக் அமிலத் தொட்டிக்குள் பாய்ச்சுவார்கள். அமிலம் பட்ட கணத்தில் பால் உறைந்து, குழாயின் வாயிலிருந்து நூலாக இறங்கும். பாவாடையிலும் கால்சட்டை இடுப்பிலும் ஓடும் எலாஸ்டிக்குக்குள் இருப்பது அந்த நூல். மலேசியா அதை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது.

வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை காட்டுவேன். அகலமான ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள். சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி வையுங்கள். குளிரும். இழுக்காதபோது ரப்பர்ச் சங்கிலிகள் சிக்கெடுக்காத தலைமுடிபோல் கண்டபடி சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் வாரிவிட்டதுபோல் ஒரே பக்கம் படிகின்றன. விட்டால் பழைய சிக்குக்கே ஓடுகின்றன. அந்த ஓட்டத்துக்கு வேண்டிய வெப்பத்தை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் குளிர்கிறது. நாற்பது பிள்ளைகளும் உதட்டில் ரப்பர் வளையத்தை வைத்துக்கொண்டு கண்ணை விரிக்கும் அந்த நிமிஷத்துக்காகவே ஒவ்வொரு வருஷமும் காத்திருப்பேன்.

அம்மாவுக்கு இந்தச் சங்கிலி பற்றியெல்லாம் தெரியாது. அவருக்கு மரம் தெரியும்.

விடியுமுன் தலைவிளக்கோடு போவார். ஒரு நிரையில் ஐநூறு மரம்போல. ஏன் அந்த நேரம் என்றால், "வெயில் ஏறுனா மரம் பால இழுத்துக்கும் புள்ள" என்பார். உண்மையிலேயே அப்படித்தான். இரவில் வேர் உறிஞ்சிய நீரால் பால்குழாய்கள் விம்மி நிற்கின்றன. விடியற்காலையில் உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விட ஆரம்பித்ததும் அழுத்தம் இறங்கிவிடும். வெட்டு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து சரிவாக இறங்குவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாக ஏறுவதில்லை. வலது பக்கம் சில பாகை சாய்ந்து மரத்தைச் சுற்றிக்கொண்டே ஏறுகின்றன. எதிர்ச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். உளி ஒரு தடவைக்குச் சீவுவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆழம்தான் பெரிய வித்தை. மரத்தை வளர்க்கும் ஈரப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே உளி நிற்க வேண்டும். அதைத் தொட்டால் மரம் காயப்படும், பட்டை கட்டி கட்டியாக வளரும், வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஏசுவார். இருட்டில், கொசுக்கடியில், ஐநூறு தடவை ஒரு மில்லிமீட்டர்.

பட்டையைப் பற்றி இவ்வளவு யோசித்த பிறகுதான் எனக்கு மரவுரி ஞாபகம் வந்தது.

மரவுரி என்ற சொல் தெரியாத தமிழர் இல்லை. இராமன் அதை உடுத்திக்கொண்டு காட்டுக்குப் போனான். கதை கேட்டிருக்கிறோம், நாடகத்தில் காவித் துணி கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறோம். நிஜ மரவுரி எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைச் செய்தவர்கள் எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையிலேயே இருந்தார்கள் என்பதும் தெரியாமல் இருந்தது. லாசா தாண்டிச் சுங்கை பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் தெமியார் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. சந்தை நாளில் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். பருத்தித் துணி மலையேறும்வரை தெமியார்களும் செமாய்களும் உடுத்தியது மரப்பட்டைத் துணி. 1906இல் ஸ்கீட், பிளாக்டன் இருவரும் வெளியிட்ட மலாயாப் பழங்குடிகள் பற்றிய பெரிய நூலில் அதன் செய்முறை இருக்கிறது. இரண்டு மரங்கள் முக்கியம். ஒன்று தெராப், பலாவின் காட்டு உறவு. இன்னொன்று இப்போ மரம். பேராக்கின் தலைநகரான ஈப்போவுக்குப் பேர் கொடுத்த மரம் அதுதான். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்று நிற்கிறது.

அந்தத் துணிக்கு நூல் கிடையாது, தறி கிடையாது. மரத்தின் கரட்டு மேல்தோலைச் சீவிவிட்டு உள்பட்டையை உரித்தெடுக்கிறார்கள். வரி வெட்டிய மரக்கட்டையால் அடிக்கிறார்கள், அலசுகிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள். இந்த மரங்களின் உள்பட்டையில் நார்கள் நேர்கோட்டில் மட்டும் ஓடாமல், பிரிந்து பிரிந்து மறுபடி சேர்ந்து மீன்வலைபோல் பின்னியிருக்கின்றன. அடிக்க அடிக்க வலைக்கண்கள் விரிந்து, ஒரு சாண் பட்டை பல சாண் அகலமாகிறது. மரம் தனக்காகப் பின்னிவைத்த துணியை மனிதர்கள் விரித்து எடுக்கிறார்கள், அவ்வளவே.

இப்போ மரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதன் பாலில் அன்டியாரின் என்ற நஞ்சு இருக்கிறது. ரத்தத்தில் கலந்தால், இதயத் தசைச் செல்களிலிருந்து சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை அடைத்து இதயத்தையே நிறுத்திவிடும். ஊதுகுழல் அம்பின் நுனியில் தெமியார்கள் தடவுவது அந்தப் பாலைத்தான். ஒரே மரத்தின் ஒரே பட்டை. பாலை அம்புக்கு எடுத்தார்கள், நாரை இடுப்புக்கு எடுத்தார்கள். சரியாக அலசாத துணி அரிப்பெடுக்கும் என்று பழைய தாவரவியல் குறிப்புகள் சொல்கின்றன. எவ்வளவு அலசினால் போதும் என்று எத்தனை தலைமுறை தோலில் பட்டுக் கற்றிருப்பார்கள்!

இதே மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் வளர்கிறது. இலங்கையின் வேடர்கள் இதன் பட்டையை உடுத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தண்டுத் துண்டை எடுத்துச் சுற்றிலும் அடித்து, காலுறையைக் கழற்றுவதுபோல் பட்டையை உருவி, அடியில் மட்டும் ஒரு வட்டக் கட்டையை விட்டுவைப்பார்கள். தையல் இல்லாத சாக்கு தயார். அரிசி போட்டு வைக்கலாம். ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் அதற்குச் சாக்கு மரம் என்றே பேர் எழுதிவைத்தார்கள்.

இப்போ, தெராப், பலா, ஆல், அரசு, மல்பெரி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம், பால் வடியும் குடும்பம். பசிபிக் தீவுகளின் தாப்பா துணிக்குப் பட்டை தருவது காகித மல்பெரி. உகாண்டாவில் மரவுரிக்குப் பட்டை தருவது முத்தூபா என்ற அத்தி இனம். பட்டையை உரித்ததும் மரத்தை வாழையிலையால் சுற்றிக் கட்டி வைக்கிறார்கள். பட்டை மறுபடி வளர்கிறது, பல வருஷம் தொடர்ந்து எடுக்கலாம். அந்தக் கைவேலையை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2022இல் வெனிஸ் பியெனாலேயில் உகாண்டா முதன்முதலாகத் தனி அரங்கு வைத்தபோது, அக்காயே கெருனென் என்ற பெண் கலைஞர் மரவுரியையும் நாணல், ஓலைப் பின்னல்களையும் கொண்டு செய்த படைப்புகளும் அதில் இருந்தன.

மல்பெரியின் கதைதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. மரம் பால் சுரப்பது கடிக்க வரும் பூச்சியை விரட்ட. மல்பெரி இலையின் பாலில் சர்க்கரைபோல் வேஷம் போடும் நஞ்சுகள் உள்ளன. மற்றப் புழுக்கள் அந்த இலையைத் தின்றால் வளராமல் செத்துப்போகும். பட்டுப்புழு மட்டும் சாவதில்லை. அதன் உடல் அந்த நஞ்சுக்கு மசிவதில்லை. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த இலையைத் தின்று புழு கக்கும் இழைதான் காஞ்சிபுரம் பட்டு. கல்யாணப் பட்டுக்குப் பின்னாலும் ஒரு மரத்தின் பால் இருக்கிறது.

ரப்பர் மரம் இந்தக் குடும்பம் இல்லை. அது மரவள்ளிக்கு உறவு. 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரம்தான்.

மரவள்ளி என்றால் ஜப்பான்காரன் காலம். அரிசியில்லாமல் மரவள்ளியை அவித்துத் தின்ற 1942 முதல் 1945 வரையிலான வருஷங்களைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கப்பல் வரவில்லை, துணி இல்லை. சாக்கின் அடியில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டிக்கொண்டார்கள். "ஒடம்பெல்லாம் அறுக்கும். மடிப்புல சீலப்பேனு. அத உதறிக் காயப்போடக்கூட மாத்துச் சாக்கு கெடையாது" என்பார் பாட்டி. பருத்தியும் சணலும் ஒரே குடும்பத்துச் செடிகள், வெண்டைக்காய்கூட அதில்தான். ஆனால் பருத்தி விதையின் மேல் முளைக்கும் மயிர், கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். சணல் தண்டை நிமிர்த்திவைக்க வந்த நார். அதில் நூறில் பத்துப் பன்னிரண்டு பங்கு லிக்னின், மரத்தை மரமாக்கும் அதே விறைப்புப் பொருள். பாட்டியின் தோலை அறுத்தது அதுதான். கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமா கொக்கோ ஏற்றிய பழைய சணல் சாக்குகளைத் தைத்துப் பெரிய கட்டடங்களையே போர்த்துகிறார். 2015இல் வெனிஸில் நெடுஞ்சுவர்களை அப்படிப் போர்த்தினார். சாக்கின் அழுக்கையும் ஒட்டுத்தையலையும் எழுத்தையும் அப்படியே விட்டுவிடுவார். அவற்றில் உழைப்பின் கணக்கு இருக்கிறது என்பார். அந்தப் படங்களைப் பார்க்கும்போது பாட்டி அந்தச் சுவரின் முன் நின்றால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கிறேன். அருகே போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலிபண்ணித் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது அம்மா வாளியையும் அதைத் தோளில் சுமக்கும் காண்டாவையும் அங்கேயே விட்டுவிட்டார். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணச் சேலைக்கு அடியில், பழைய தமிழ் நேசன் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரு சட்டை. ஏன் வைத்திருந்தார் என்று கேட்க ஆளில்லை. அப்போது பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த வாரம் அதை வெளியே எடுத்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்து, பழுப்பு நிறச் செதில்கள் தாளில் உதிர்ந்து கிடந்தன. மடிப்பு ஆகாது, வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது என்று இப்போது தெரியும். தெமியார்ப் பெண் ஒருவரிடம் கடைத்தெருவில் அம்மா என்றைக்கோ வாங்கிய தாழம்பாயைத் தரையில் விரித்தேன். மேலே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அப்பாவின் வேட்டி. அதன்மேல் சட்டையைக் கிடத்தி, கைகளை நேராக்கி, மடிக்காமல் மெல்ல உருட்ட வேண்டும்.

உருட்டுவதற்கு முன் ஒவ்வொரு கறையையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. முன்பக்கம் முழுக்க விறைத்திருந்தது. இடது கையில், முழங்கைக்குக் கீழே, மடிப்புக்குள் வெளிச்சம் படாமல் இருந்த ஒரு திட்டு மட்டும் நகத்துக்கு நெகிழ்ந்தது. ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சமே கொஞ்சம் இழுத்தேன். நீண்டது. விட்டேன். திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.